இந்த இலையுதிர்கால விடுமுறையில் ஹாலே நகருக்குப் போவோமா?

ஜேர்மனியில் வாழும் நாம் பயணம் என்று சொல்வது பெரும்பாலும் உறவினர் வீட்டுப் பயணத்தைத்தான். லண்டனில் சாமத்தியச் சடங்கு, பாரிஸில் கல்யாணம், சூரிச்சில் அந்தியேட்டி என்று புறப்படுவோம். கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போவோம். இருக்கிற நாட்டை ஊர் ஊராகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே குறைவு.

அதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அடைக்கலம் கேட்டு வந்த நமக்கு, வழக்கு முடியும்வரை, ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டுவதற்கே வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி தேவைப்பட்டது. 'ரெசிடென்ஸ்பிளிக்ட்' என்ற அந்தக் கட்டுப்பாடு 2015இல்தான் பொதுவாக முதல் மூன்று மாதங்களுக்கு என்று குறைக்கப்பட்டது. அதற்குள் நம்மில் பலருக்கு வேலையும் வீட்டுக்கடனும் பிள்ளைகளும் வந்துவிட்டன.

இப்போது அந்தப் பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்கிறார்கள். "தமிழா, அது எங்கே பேசுகிற மொழி?" என்று வகுப்பில் கேட்டால் அவர்கள் உலகப்படத்தில் ஒரு தீவைக் காட்டுகிறார்கள். தமிழுக்கும் ஜேர்மனிக்கும் முந்நூறு ஆண்டுத் தொடர்பு உண்டு என்று காட்டக்கூடிய நகரம் ஒன்று இங்கேயே இருக்கிறது. சாக்சன்-அன்ஹால்ட் மாநிலத்தில், சாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலேதான் அது.

ஏன் ஹாலே?

1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் ஹாலேயில் அநாதைப் பிள்ளைகளுக்கான பெரிய இல்லத்தையும் பள்ளிகளையும் கட்டத் தொடங்கினார். ஹாலேயில் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்க், டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு, 1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கே ஒரு முதிய உபாத்தியாயரிடம், சிறு பிள்ளைகளோடு இருந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவினார். 1708இல் தாம் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு அவர் எழுதிய பட்டியலில் நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன.

தமிழ் அச்சு எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டுக் கப்பலில் தரங்கம்பாடிக்குப் போயின. அங்கே 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அடுத்த ஆண்டு, அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயிலேயே வெளிவந்தது. (முதல் தமிழ் அச்சு நூல் இவற்றுள் எதுவுமில்லை, அது 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'.) சீகன்பால்க் 1714இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடவே வந்தார். நமக்கு முன்னரே இந்தக் குளிரைக் கண்ட, பெயர் தெரிந்த தமிழர்களில் அவர் ஒருவர்.

இதில் பெருமை மட்டும் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் தமிழ் படித்தது நம் முன்னோரை மதம் மாற்றுவதற்காக. ஆனால் படித்தவருக்கு அந்த மொழிமீதும் மக்கள்மீதும் மதிப்பு வந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713இல் விரிவாக எழுதி அனுப்பிய நூலை ஹாலே அச்சிடவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

என்ன பார்க்கலாம்?

பிராங்கே நிறுவனங்களின் வளாகம் பிரதான புகையிரத நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளது. கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் சிதைந்துபோன கட்டடங்களை 1990க்குப் பிறகு திருத்தியிருக்கிறார்கள். பழைய அநாதை இல்லத்தின் கூரைத்தளத்தில் அபூர்வப் பொருட்களின் கூடம் இருக்கிறது. ஓவியம் தீட்டிய பதினெட்டாம் நூற்றாண்டு அலுமாரிகளில் முதலையிலிருந்து சிப்பிவரை அடுக்கப்பட்டுள்ளன. தென்னிந்தியாவிலிருந்து வந்த பொருட்களும் அவற்றில் அடங்கும். 1728இல் கட்டிமுடித்த நூலகத்தில் புத்தகத் தட்டுகள் நாடக மேடையின் பக்கத் திரைகள்போல வரிசையாக நிற்கின்றன.

தமிழ் ஓலைச்சுவடிகள் இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் போனவுடன் எடுத்துக் காட்டமாட்டார்கள். தமிழ்ப் பள்ளி ஒன்று குழுவாகப் போவதானால், சில மாதங்களுக்கு முன்பே நோக்கத்தை விளக்கி எழுதிக் கேட்பது நல்லது.

மிச்ச நேரத்தில் சந்தைச் சதுக்கத்தின் செங்கோபுரம், இசைமேதை ஹெண்டல் 1685இல் பிறந்த வீடு, நேப்ரா வான்தட்டு உள்ள தொல்லியல் அருங்காட்சியகம் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

எப்போது, எப்படி?

விடுமுறைத் திகதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நவராத்திரியும் வாணிவிழாவும் அதே நாட்களில் வரலாம். முதலில் கோயில், தமிழ்ப் பள்ளி நாட்காட்டிகளைப் பாருங்கள். ஒக்டோபர் 31 சீர்திருத்த நாள். நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில் வேலைநாளாக இருந்தாலும் ஹாலேயில் கடைகள் பூட்டு. அருங்காட்சியகங்கள் பலவும் திங்களில் மூடியிருக்கும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு நேரம் மாறியபின் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். ஆகவே வெளியே பார்ப்பதைக் காலையிலும் உள்ளே பார்ப்பதைப் பிற்பகலிலும் வையுங்கள்.

பெர்லினிலிருந்து ஐ.சி.ஈ.யில் ஒன்றேகால் மணி நேரம் அளவில் போய்விடலாம். கொலோன், டோர்ட்முண்ட், ஹனோவர் வழியாக லைப்சிக் போகும் ஐ.சி. ஹாலேயிலும் நிற்கும். டொய்ச்லாண்ட் ரிக்கெற் வைத்திருப்பவர்கள் பிராந்திய வண்டிகளில் கசெல் வழியாகப் போகலாம்; பணம் மிச்சம், ஆனால் பகல் முழுவதும் போய்விடும். ஐ.சி.யிலும் ஐ.சி.ஈ.யிலும் அந்தச் சீட்டு செல்லாது.

செலவைப் புறப்படுமுன் நான்கு வரியாக எழுதுங்கள்: பயணம், தங்குமிடம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் முதலிரண்டுமே பெரும்பங்கை எடுக்கும். ஆகவே சேமிப்பு விலைப் பயணச்சீட்டை முன்கூட்டியே எடுங்கள். அதை வாங்கிய பின் மாற்றுவது கடினம் என்பதால் தங்குமிடத்தை மட்டுமாவது இலவசமாக இரத்துச் செய்யக்கூடியதாகப் பாருங்கள். ஹாலேயில் இடம் கிடைக்காவிட்டால் லைப்சிக்கில் தங்கலாம். எஸ்-பானில் அரைமணி அளவுதான். முதல் நாளுக்குப் புளிச்சாதமும் கட்லட்டும் கட்டிக்கொண்டால் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

நம் தயக்கம்

கிழக்கு ஜேர்மனி என்றதும் பெற்றோர் பலர் தயங்குவது தெரிந்ததே. அது வெறும் கற்பனையல்ல. 2019 ஒக்டோபர் 9ஆம் திகதி ஹாலேயில் தீவிர வலதுசாரி ஒருவன் யூதத் தொழுகைக்கூடத்துக்குள் புக முயன்று, முடியாமல் போகவே இருவரைச் சுட்டுக் கொன்றான். அதே ஹாலே 1694இலிருந்து பல்கலைக்கழகம் உள்ள நகரம். பல நாட்டு மாணவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பிந்திய இரவில் தனியே திரியாதிருத்தல் போன்ற, எந்த நகரத்திலும் எடுக்கும் கவனத்தை அங்கேயும் எடுத்தால் போதும். நமக்குப் பங்குள்ள ஒரு வரலாறு இருக்கும் ஊரைப் பயத்தினால் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

போகுமுன் பிள்ளைகளிடம் இரண்டு பெயர்களைச் சொல்லிவையுங்கள்: அழகப்பன், மலையப்பன். சீகன்பால்க்கின் பெயரை அங்குள்ளவர்கள் சொல்வார்கள். மற்ற இரண்டு பெயர்களையும் வழிகாட்டியிடம் ஜேர்மன் மொழியில் கேட்க நம் பிள்ளைகளால் முடியும்.