குறுங்காலக் குழுவுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமுண்டா?

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர் கையெழுத்துக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்து வருகின்றனர். அதில் ‘சக்தி’ என்னும் இசைக்குழுவைச் சேர்ப்பதா வேண்டாவா என்று ஆசிரியர் அறையில் ஒரு வழக்கே எழுந்துவிட்டது. “மூன்றே ஆண்டில் கலைந்துபோன குழுவுக்குத் தனித் தலைப்பு எதற்கு? அதிலிருந்த கலைஞர்களைப் பற்றி எழுதும்போது ஒரு வரி சேர்த்தால் போதாதா?” என்றார் ஓர் ஆசிரியர். கேள்வி சிறிதாயினும் ஆராயத் தக்கதே.

தனித்தனியே புகழெய்திய கலைஞர்கள் கூடி அமைக்கும் குழுவை மேனாட்டார் ‘சூப்பர் குரூப்’ என்பர். இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் நெடுநாள் வாழ்வதில்லை. எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஜிஞ்சர் பேக்கர் முதலியோர் 1969இல் அமைத்த ‘பிளைண்ட் ஃபெய்த்’ என்ற ராக் குழு ஒரே ஓர் இசைத்தட்டைத் தந்துவிட்டு அவ்வாண்டிலேயே கலைந்தது.

சக்தி குழுவும் அவ்வினத்ததே. ராக், ஜாஸ் இரண்டையும் இணைத்த ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வால் பெயர் பெற்றிருந்த ஆங்கிலேயர் ஜான் மெக்லாலின் கிதார் வாசித்தார். வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் டி. எச். விநாயக்ராம், முதற்கண் மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவனும் இருந்தார். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் அவர்கள் நிகழ்த்திய கச்சேரி மறு ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. அதன்பின் இன்னும் இரண்டு தட்டுகள். 1978இல் குழு கலைந்தது.

உறுப்பினர் பெரியவர் என்பதனாலேயே குழுவும் பெரிதாகிவிடாது. புகழ்பெற்ற நால்வர் ஒரு பந்தியில் அமர்ந்து உண்டால் அந்த விருந்துக்கும் ஒரு தலைப்புக் கொடுப்போமா? ஆண்டுக் கணக்கும் எனக்கு உடன்பாடன்று. பல்லாண்டு நிலைத்தும் சொல்லத்தக்க ஒன்றையும் செய்யாத குழுக்கள் உண்டு. நான் கேட்பது இதுதான்: குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் கலைஞர்களின் பெயர்களின்கீழ்ப் பிரித்துப் போட்டுவிட்டால், மிச்சம் ஏதேனும் நிற்கிறதா?

கடத்தையே எடுத்துக்கொள்வோம். கருநாடகக் கச்சேரியில் அது உபபக்கவாத்தியம். மிருதங்கம் முன்செல்ல, கடம் பின்தொடரும். தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரும்வரை அடங்கியே ஒலிக்கும். சக்தியின் இரண்டாம், மூன்றாம் தட்டுகளில் மிருதங்கக் கலைஞர் ராகவன் இல்லை. வடநாட்டுத் தபேலாவும் தென்னாட்டு மண்பானையும் சரிநிகராக அமர்ந்து, ஒன்று கேட்க மற்றொன்று விடை சொல்லிற்று. இது விநாயக்ராம் ஒருவரின் சாதனையா, ஜாகிர் உசேனின் பெருந்தன்மையா? இருவருக்கும் பொதுவாக நிகழ்ந்தது அது. கிதாரின் கதையும் அப்படியே. மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகச் சீவி, கமகம் பேசுமாறு கம்பியை அழுத்த வழி செய்துகொண்டார் மெக்லாலின். தாமே அதிரும் துணைக் கம்பிகளும் குறுக்கே பூட்டப்பட்டன. பக்கத்தில் சங்கரின் வயலின் இல்லாதிருந்தால் இந்த மாற்றத்துக்குப் பொருளே இல்லை. ஆகவே மிச்சம் நிற்கிறது. தனித் தலைப்பு வேண்டும் என்றே தீர்ப்புக் கூறினேன்.

1997 முதல் இக்குழு வேறு உருவில் மீண்டதையும் நினைக்க வேண்டும். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் மாண்டலின் உ. ஸ்ரீநிவாசும் அதில் வாசித்தனர். 2023இல் வெளிவந்த தொகுப்புக்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது. 1978இல் முடிந்த கதையென்று எண்ணி விட்டிருந்தால் இந்தக் கிளைக்கு வேர் தெரியாமற் போயிருக்கும்.

நிற்க. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு பக்கமும் எண்ணிச் செலவிட வேண்டியதாயிற்று. (தூரன் தாமும் கீர்த்தனைகள் இயற்றியவர், இந்த வழக்கை விரும்பிக் கேட்டிருப்பார்.) 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தாள் தட்டுப்பாடு இல்லை. ஆனால் அங்கே சான்று கேட்பார்கள்: பிறர் எழுதியது, அச்சேறியது, நாள் குறித்தது. சக்திக்கு அவை ஏராளம்.

நமக்கோ இங்கேதான் இடிக்கிறது. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு நாடகக் குழு இருந்தது. கிராணியார் ஒருவர் கதை எழுதுவார். பால்வெட்டி வந்தவர்கள் மாலையில் ஒத்திகை பார்ப்பார்கள். சுற்றுவட்டத் தோட்டத் திருவிழாக்களில் நாலைந்து ஆண்டு ஆடிவிட்டுக் கலைந்தது. கையெழுத்துக் களஞ்சியத்தில் அதையும் சேர்க்க வேண்டும் என்றாள் ஒரு மாணவி. அவள் பாட்டி அதில் நடித்தவர். சான்று கேட்டேன். பின்புறம் நாள் குறிக்காத ஒரு புகைப்படம் மட்டுமே வந்தது. நம் தோட்டச் செய்திகளை ஏந்தி வந்த ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோயிற்று. அதன் பழைய இதழ்களில் ஒருகால் நாலு வரி கிடைக்கலாம்.

சக்திக்கு இடம் தந்த நான் பாட்டியின் குழுவை இன்னும் சேர்க்கவில்லை. ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்து, ஆசிரியரின் கைப்பேசியோடு நான்கு மாணவரைப் பாட்டியிடம் அனுப்பியிருக்கிறேன். நாடகங்களின் பெயர், ஆடிய தோட்டங்கள், ஆண்டு ஆகியவற்றை முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஜாசின் பக்கம் அக்குழுவில் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர் இருக்கிறாராம். அடுத்த சனிக்கிழமை அங்கே போகிறார்கள்.