முகம் ஒருவருடையது, படம் எவருடையது?

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடல்நீரேரிக் கரையில் அமைந்துள்ள கொழும்புத்துறை, யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஆச்சிரமத்தினாலும் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடத்தினாலும் அறியப்பட்ட ஊராகும். அத்தகையதோர் ஊரில், விளம்பரத்துறையில் மொடலாக வர விரும்பும் யுவதி ஒருத்தி இருக்கிறாள் என வைத்துக்கொள்வோம். அவளிடம் பணம் இல்லை. ஒளிப்படக்கலையில் ஆர்வமுள்ள அயலூர் இளைஞன் ஒருவன், தானே கூலியின்றிப் படம் எடுத்துத் தருவதாகக் கூறுகின்றான். இருவருக்கும் இது நன்மை பயக்கக்கூடியதே. ஆனால், எடுத்து முடிந்த படங்கள் எவருக்கு உரியவை என்ற கேள்வியை அவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில்லை. பின்னர் தோன்றும் பிணக்குகளில் பல இக்கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

ஒளிப்படத்தின் பெறுமதியை எமது மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் கைவிட்டுச் சென்றவற்றுள் குடும்பப் படங்களும் அடங்கும். காணாமற்போன பிள்ளையின் ஒரேயொரு படத்தை ஏந்தியபடி வீதியோரம் அமர்ந்திருந்த தாய்மாரையும் நாம் கண்டோம். படம் இல்லாமற் போவதன் துயரை அறிந்த எமது சமூகம், படம் பிறர் கைக்குப் போவதன் ஆபத்தையும் அறிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

முதலில் படத்தொகுப்பு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். தொழிலுக்கு வர விரும்புபவரின் முகம், உடலமைப்பு, தோற்றப் பாங்கு ஆகியவற்றை நிறுவனம் ஒன்று மதிப்பிடுவதற்கு உதவும் பத்துப் பன்னிரண்டு படங்களே அது. மொடல் முகவர் நிறுவனங்கள் முதலில் கேட்பவை பெரும்பாலும் எளிய படங்களே. ஒப்பனையின்றி, வெறுஞ்சுவரின் முன், நேர்முகம், பக்கவாட்டுத் தோற்றம், முழு உருவம் என எடுக்கப்பட்டவை அவர்களுக்குப் போதுமானவை. ஆகவே பெருந்தொகை செலுத்தி ஆடம்பரத் தொகுப்பு தயாரித்தாலன்றி வாய்ப்பு இல்லை என்று ஒருவர் கூறுவாராயின், அவரையிட்டு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நேர்மையான முகவர், வேலை பெற்றுத் தந்த பின்னர் ஊதியத்தில் தமது பங்கை எடுத்துக்கொள்வாரேயன்றி முற்பணம் கேட்பதில்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் நுகர்வோருக்கு இதே எச்சரிக்கையை விடுத்துள்ளது.

கொழும்புத்துறைக் கரை இத்தகைய படங்களுக்கு ஏற்ற இடமாகும். சூரியன் எழுந்த பின்னான முதல் ஒரு மணிநேரத்தில் ஒளி தாழ்வாகவும் மென்மையாகவும் முகத்தில் விழும். நண்பகல் ஒளி உகந்ததன்று. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், அந்நேரத்தில் கண்குழிகளில் கருநிழல் படியும். அவ்வேளையில் வீட்டு விறாந்தையோ வடக்கு நோக்கிய யன்னலோ சிறந்தது. மறுபக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியையோ ரெஜிபோம் பலகையையோ பிடித்தால் நிழல் தணியும்.

கைத்தொலைபேசியை முகத்துக்கு மிக அருகே கொண்டு சென்றால் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தோன்றும். இது தூரத்தின் விளைவு. இரண்டு மீற்றர் அளவில் பின்னே நின்று, தொலைவுவில்லை இருப்பின் அதைப் பயன்படுத்த வேண்டும். கமரா உள்ளவர்கள் 85 மில்லிமீற்றர் குவியத்தூரத்துக்கு நிகரான வில்லையைத் தெரிவது வழக்கம். மேலும், நீரேரியின் வெளிச்சம் பின்னணியில் இருக்கும்போது கமரா அதையே அளந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அப்போது ஒளியளவைச் சற்றுக் கூட்டிப் படம் எடுத்தல் வேண்டும். முகம் தெளிவு பெறுவதற்கு இதுவே வழி. பின்னர் கணினியில் தோலை வெளுப்பாக்குவது அதற்கு வழியாகாது.

தோலின் நிறம் குறித்து ஒரு சொல் கூறியாக வேண்டும். 1975 இல் இந்தியாவில் அறிமுகமான 'பெயார் அன்ட் லவ்லி' பூச்சு, பல தலைமுறைப் பெண்களின் மனதில் கருமையை ஒரு குறையாகப் பதித்தது. 2015 இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவி பக்ஸ் ஜோன்ஸ், உடன் பயின்ற தெற்காசியச் சகோதரிகள் இருவரைப் படமெடுத்து, அப்பூச்சின் பெயரைக் கேலிசெய்யும் 'அன்பெயார் அன்ட் லவ்லி' என்ற தலைப்பில் வெளியிட்டார். ஒரு மாணவியின் அம்முயற்சி இணையத்தில் பேரியக்கமாகப் பரவியது. 2020 இல் அப்பூச்சின் உற்பத்தியாளரே அதன் பெயரை மாற்றினர். அம்மாற்றத்துக்குக் காரணங்கள் பலவாயினும், உண்மை நிறத்தை உள்ளபடி காட்டிய படங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கொழும்புத்துறை யுவதியின் நிறத்தை மாற்றி அனுப்பும் படம், நேர்முகத் தெரிவில் அவளையே பொய்யாக்கிவிடும்.

உடையைப் பற்றிய முடிவும் அவளுடையதே. கென்யாவின் ககுமா அகதி முகாமில் பிறந்த சோமாலிய முஸ்லிம் பெண் ஹலிமா ஏடன், 2016 இல் ஹிஜாப் அணிந்தபடி அமெரிக்காவின் மினசோட்டா மாநில அழகிப் போட்டியில் பங்குபற்றினார். அடுத்த ஆண்டில் பெரும் முகவர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் செய்து உலகப் புகழ் பெற்றார். எனினும் 2020 நவம்பரில், தமது ஹிஜாப் சிறிது சிறிதாக உருமாற்றப்பட்டதற்கு இடங்கொடுத்து விட்டதாக வருந்தி அத்தொழிலிலிருந்து விலகினார். "இன்னும் கொஞ்சம்" என்ற வேண்டுகோள் படப்பிடிப்பின் நடுவே வரும்போது மறுப்பது கடினம். அதனால் எவ்வுடை, எவ்விடம், உடன் வருபவர் யார் என்பன முதல் நாளே தீர்மானிக்கப்படல் வேண்டும். தாயோ தமக்கையோ தோழியோ உடனிருப்பதை நேர்மையான படப்பிடிப்பாளர் எவரும் மறுக்கமாட்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் சம்மதமும் பிரசன்னமும் இன்றிப் படப்பிடிப்பே கூடாது.

இனி உரிமைக்கு வருவோம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியோன் ஆவார். ஆனால் ஒருவர் பணித்துச் செய்விக்கும் ஆக்கமாயின், வேறுவிதமாக உடன்படாதவிடத்து, அதன் பொருளாதார உரிமை பணித்தவரைச் சாரும். கூலி கொடுத்துப் படம் எடுப்பிக்கும்போது நிலைமை ஓரளவு தெளிவானது. கூலியின்றி, இருவரும் தத்தம் தொகுப்புக்காக இணைந்து செய்யும்போது பணித்தவர் யார் என்பதே விவாதத்துக்குரியதாகிவிடும். அத்துடன், படத்தின் உரிமை வேறு, அப்படத்தில் உள்ளவரின் கண்ணியம் வேறு. படம் தன்னுடையது என்பதால் அவளது முகத்தை எவ்விளம்பரத்துக்கும் விற்கலாம் என்று எவரும் எண்ணலாகாது.

இதற்குப் பரிகாரம் ஒரு பக்கக் கடதாசியே. எடுத்த நாள், இருவரின் பெயர், எந்தெந்தப் படங்களை எவர் எங்கு வெளியிடலாம், விற்பதாயின் எவர் சம்மதம் தேவை, தெரிவு செய்யப்படாத படங்கள் எப்போது அழிக்கப்படும் என்பவற்றைத் தமிழிலேயே எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். இது நட்பைச் சந்தேகிப்பதாகாது. காணி எழுதும்போது உடன்பிறந்தோரும் உறுதி முடிப்பதில்லையா?

அவ்வாறிருந்தும் படம் தவறான வழியில் பயன்படுத்தப்பட்டால் மௌனம் காக்க வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவினால் ஒரு சாதாரண முகப்படத்திலிருந்தே ஆபாசப் போலிகள் உருவாக்கப்படும் காலம் இது. இலங்கையில் பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய உதவி இலக்கங்கள் உண்டு. 2021 இல் தொடங்கப்பட்ட 'ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.' என்ற சர்வதேச சேவை, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரின் அந்தரங்கப் படங்கள் சமூக ஊடகங்களில் பரவாது தடுக்க உதவுகின்றது. படத்தைப் பிறருக்கு அனுப்பாமலே அதன் இலக்கமுறை அடையாளத்தை மாத்திரம் பகிர்வது அதன் சிறப்பாகும். இத்தகைய வேளையில் குடும்பத்தார் பெண்ணைக் குற்றவாளியாக்காதிருப்பதே முதல் உதவி.

இறுதியாக வரலாற்றிலிருந்து ஒரு பாடம். தமது 48 ஆவது வயதில் முதற் கமராவைப் பரிசாகப் பெற்ற ஆங்கிலேயப் பெண்மணி ஜூலியா மார்கரட் கமரொன், 1875 இல் இலங்கை வந்து 1879 இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் ஆகியோரின் படங்கள் அவரவர் பெயராலேயே அறியப்படுகின்றன. இலங்கையில் அவர் எடுத்த படமொன்றோ, 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற பொதுப்பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றது. நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கியும் அம்முகங்கள் நிலைத்திருக்கின்றன, பெயர்கள் நிலைக்கவில்லை. எதற்கு உடன்பட்டார்கள், என்ன பெற்றார்கள் என்பதும் படத்தில் இல்லை.

கொழும்புத்துறை யுவதிக்கு அந்நிலை ஏற்பட வேண்டியதில்லை. படத்தின் கீழ் எடுத்தவரின் பெயரோடு அவளது பெயரும் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்று அவள் கூறினால் அவ்விருப்பமும் மதிக்கப்படட்டும். கலையார்வம் கொண்ட இளைஞர்கள் எம்மிடையே பெருகுவது நல்லதே. கமராவைக் கையில் எடுக்குமுன் சம்மதத்தை எழுத்தில் பெறும் பழக்கமும் அவர்களிடையே பெருகுமாயின், பெண்பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அச்சமின்றி இத்துறையை அணுகுவர்.