கந்தோர் வாசலில் ஒரு பாடம்

நாம் வாழும் கிருலப்பனையில், அயல்வீட்டு அம்மையார் ஒருவருக்குத் துணையாகச் சில மாதங்களுக்கு முன் அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கு கொடுக்கப்பட்ட படிவம் சிங்களத்தில் மாத்திரமே இருந்தது. தமிழ்ப் படிவங்கள் முடிந்துவிட்டனவாம்! பல்லாண்டுகள் தமிழாசிரியையாக விளங்கிய அம்மூதாட்டி, எழுத்தறியாதவர் போலப் பிறர் முகத்தைப் பார்த்து நின்றார். அவ்வேளை, பக்கத்து மேசையிலிருந்த சிங்கள இளைஞர் எழுந்து வந்து, “இருங்கோ அம்மா, நான் எழுதித் தாறன்” என்று தட்டுத்தடுமாறித் தமிழிற் கூறினார். அம்மையாரின் முகம் மலர்ந்தது.

ஒரே கந்தோரில் இரு காட்சிகளைக் கண்டோம். ஒன்று மனிதரைக் கூனிக் குறுகச் செய்தது. மற்றையது தலைநிமிரச் செய்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நல்ல மனம் மாத்திரமன்று, பயிற்சியுமாகும்.

இனபேதத்தைக் களைந்து எல்லோரையும் சமமாக நடத்துவது எவ்வாறு என்பதை, இன்று உலகின் பல நாடுகளில் தாபனங்கள் தம் ஊழியருக்குக் கற்பிக்கின்றன. இலங்கையில் அப்பயிற்சி மொழியிலிருந்தே தொடங்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஆனால், சட்டத்தில் ஏறிய மொழி உத்தியோகத்தரின் நாவில் தானாக ஏறிவிடுமா? ஆகவேதான், 2007 யூலை 1ஆந் திகதி முதல் அரச சேவையிற் சேருவோர் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்று சுற்றறிக்கை வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகத்தை அமைக்கும் சட்டமும் இயற்றப்பட்டது.

இவை நல்ல ஏற்பாடுகளே. எனினும், பரீட்சையிற் சித்தியெய்திய சான்றிதழ் பெட்டிக்குள் உறங்கினால் யாருக்கு என்ன பயன்? ஒருநாள் சொற்பொழிவைக் கேட்டு, தேநீர் அருந்திக் கலைவது பயிற்சியாகாது. தமிழ்ப் படிவம் தீருமுன் அச்சிடப்படுகிறதா, முறைப்பாட்டுக்கு எழுதியவரின் மொழியிலேயே பதில் போகிறதா என்று மேலதிகாரி நாள்தோறும் கவனித்தாலன்றோ பயிற்சி பலன் தரும்?

பிறரைத் திருந்தச் சொல்லும் நாம் நம்மையும் நோக்க வேண்டாமா? 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸில், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் சாதி பாராது ஒன்றாயிருந்து உண்டு வழிகாட்டினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் வந்தது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட நம் சகோதரர் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டியிருந்தது. அவர்களைத் தடுத்து நின்றோர் அந்நிய இனத்தவரல்லர், தமிழரே. கந்தோர் வாசலில் அம்மையார் அடைந்த துயரத்தை, கோயில் வாசலில் நம்மவரே நம்மவருக்கு இழைத்தனர்.

ஆதலால் இப்பயிற்சி நம் வீட்டிலும் நடைபெறட்டும். நம் பிள்ளைகள் அயலாரோடு சிங்களத்தில் அன்பாய்ப் பேசக் கற்கட்டும். நம் முற்றத்தில் வேலைசெய்ய வருபவருக்கு எந்தப் பேணியிலே தேநீர் கொடுக்கிறோம், எங்கே இருக்கச் சொல்கிறோம் என்பதையும் அவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். நாளை கந்தோர் மேசையில் அமரப்போகிறவர்கள் அவர்களல்லவா?