வலியில்லாத தீப்புண்

புதுவைப் பெரிய மார்க்கெட்டின் நெருக்கமான சந்துகளில், காய்கறிக் கூடையோடு நிற்கும் விவசாயியின் கைமீது கொதிக்கும் தேநீர் சிந்துவது அபூர்வமன்று. நெசவாளர் வீடுகளிலோ கஞ்சிப் பானையும் சாய அண்டாவும் உண்டு. எரிச்சல் மிகுந்தால் பெரிய புண், எரிச்சல் இல்லாவிடில் சிறிய புண் என்று அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது.

மேல்தோல் மட்டும் சிவந்து எரிந்தால் முதல் நிலை. ஒரு வாரத்தில் ஆறிவிடும். உள்தோலும் வெந்து கொப்புளம் எழுந்தால் இரண்டாம் நிலை. ஆழமில்லாதது இரண்டு மூன்று வாரங்களில் ஆறும். கொப்புளத்தை உடைக்கலாகாது. தோல் முழு ஆழத்திற்கும் வெந்து, வெளுத்தோ கருகியோ விறைத்துவிட்டால் மூன்றாம் நிலை. அங்கே உணர்ச்சி நரம்புகளும் அழிந்துவிடுவதால் வலி இராது. வலியில்லை என்று வீட்டிலிருந்துவிடுவதே பேராபத்து.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்புயித்ரேன் 1832-இல் தீப்புண்ணை ஆறு நிலைகளாக வகுத்தார். நம் உபயோகத்திற்கு மூன்றே போதும்.

ஆழத்தைப் போலவே பரப்பும் முக்கியம். சுட்டுக்கொண்டவரின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவருடைய உடற்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதமாகும்.

சூடு பட்டதும் வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிஷம் காட்டுக. மை, மாவு, பற்பசை, பனிக்கட்டி எதுவும் வேண்டா. சாயத்திற்குக் கலக்கும் காஸ்டிக் சோடா பட்டாலோ, இன்னும் நெடுநேரம் கழுவவேண்டும். முகம், கை, மூட்டுகளில் கொப்புளம் கண்டாலும், எவ்விடத்திலேனும் தோல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போனாலும், அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ செல்லுக.