கேஸ் கணக்கும் ஆள் கணக்கும்

"போதையில நாம பஞ்சாபையே மிஞ்சிட்டோமாமே தம்பி? பேப்பர்ல போட்டிருக்கான்." மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ரொம்ப காலமாக மிளகுத் தரகு பார்க்கும் போடிக்காரர் ஒருவர் சாயாக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

பேப்பரில் போட்டது பொய்யில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கேரளத்தில் 26,619 வழக்குகள்; பஞ்சாபில் 12,442. "ஆனா அது கேஸ் கணக்குண்ணே, ஆள் கணக்கு இல்லை" என்றேன்.

கேரளத்து வழக்குகளில் பெரும்பாலானவை சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததாகப் பதிவானவை. கஞ்சா பீடியோடு மாட்டும் பையன் ஒரு கேஸ். 2023 மே மாதம் கடற்படையும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமும் கடலில் மடக்கி, இதே மட்டாஞ்சேரி வார்ஃபில் கொண்டுவந்து இறக்கிய சுமார் 2,500 கிலோ மெத்தாம்ஃபெட்டமினும் ஒரு கேஸ். அந்தச் சரக்கைப் பார்த்து, ஊரில் எத்தனை பேர் அதைத் தொடுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. கப்பல் எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் சொல்லலாம். எக்ஸைஸும் போலீஸும் ஒரு மாதம் முடுக்கிவிடப்பட்டால் அந்த மாதம் கேஸ் ஏறும். கண்டுகொள்ளாத ஸ்டேஷன் காகிதத்தில் சுத்தமாக இருக்கும்.

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "லிட்டர் வெயிட் கேக்காம மிளகுக்கு விலை பேசுற கதை" என்றார். ஒரு லிட்டர் அளவில் கொட்டிய மிளகு 550 கிராம் நிற்கிறதா, 500தானா என்று தெரிந்தால்தான் கொச்சி மிளகையும் வியட்நாம் மிளகையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். போதைக் கணக்கிலும் அப்படி முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. எந்த வயதினர்? கடந்த 12 மாதமா, வாழ்நாளில் ஒருமுறையா? எந்தெந்தப் பொருள் சேர்த்தி?

ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே போதும். 2019-21இல் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் மது அருந்துவதுண்டா என்று கேட்டார்கள். கேரளத்தில் ஏறக்குறைய 20 சதவீதம், தமிழ்நாட்டில் 25, தெலங்கானாவில் 43. குடி என்றாலே கேரளம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை புரட்டலாம்.

மதுவைத் தாண்டினால்தான் சிக்கல் ஆரம்பம். எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட அறிக்கைக்காக இரண்டு லட்சம் வீடுகளில் 4.7 லட்சம் பேரிடம் கேட்டார்கள். வயது 10 முதல் 75 வரை. ஐ.நா.வின் உலகப் போதைப்பொருள் அறிக்கையோ 15 முதல் 64 வரை உள்ளவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. வரம்புக்குள் பத்து வயதுப் பிள்ளைகளும் எழுபது வயதுத் தாத்தாக்களும் வந்தால் சதவீதம் மாறாமல் இருக்குமா? அடுத்து, கஞ்சாச் செடியின் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு. நம் கணக்கெடுப்பில் கஞ்சாச் செடி வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம். அதில் பாங்கு 2 சதவீதம், கஞ்சாவும் சரஸும் 1.2, இரண்டையும் தொடுபவர்கள் இருப்பதால் கூட்டல் இடிக்கும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வெறும் இலையைக் கஞ்சாவில் சேர்க்கவில்லை. வடக்கே சில மாநிலங்களில் பாங்குக்கு அரசு உரிமம் பெற்ற கடையே உண்டு. ஹோலிக்கு பாங்கு குடித்த வாரணாசிப் பெரியவரும் ஆம்ஸ்டர்டாமில் புகைக்கும் இளைஞரும் உலக அட்டவணையில் ஒரே கட்டத்துக்குள் உட்கார்ந்துவிடக்கூடும்.

"சரி, வீட்டுக்கு வந்து கேட்டா எவன் ஒத்துக்குவான்?"

ஒத்துக்கொள்ள மாட்டான். ஊசி போடுகிறவர் பல சமயம் வீட்டிலேயே இருப்பதில்லை. அதனால் அதே ஆய்வில் 135 மாவட்டங்களில் 72,642 பேரை வேறு வழியில் தேடிப் பிடித்தார்கள். முதலில் சிலரைக் கண்டுபிடித்து, அவர்கள் மூலமே கூட்டாளிகளை வரவழைத்து, சங்கிலியாகப் பேட்டி எடுப்பது. பேட்டியில் ஒரு கேள்வி: போன வருஷம் சிகிச்சைக்குப் படுத்தீர்களா? கற்பனையாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு ஊரின் சிகிச்சை மையங்களில் வருஷத்துக்கு 200 பேர் சேர்ந்ததாகப் பதிவு. பேட்டி கொடுத்த 100 பேரில் 5 பேர்தான் சேர்ந்தேன் என்கிறார்கள். அந்த 200 என்பது மொத்தத்தில் 5 சதவீதம் என்றால் மொத்தம் 4,000. மையத்தின் பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

ஐரோப்பியர்கள் ஆளைக் கேட்காமல் சாக்கடையைக் கேட்கும் வழியும் வைத்திருக்கிறார்கள். கழிவுநீரில் போதைப்பொருளின் எச்சத்தை அளந்து, ஆயிரம் பேருக்கு நாளுக்கு இத்தனை மில்லிகிராம் என்று நகரவாரியாகப் போடுகிறார்கள். கொச்சியில் பாதாளச் சாக்கடை இருப்பது நகரத்தின் ஒரு சிறு பகுதிக்குத்தான். மற்ற இடமெல்லாம் செப்டிக் டேங்க். "டேங்கர் லாரிக்காரனைத்தான் கேக்கணும்" என்றார் தரகர்.

பிள்ளைகள் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் நல்ல கணக்கு இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 73 பள்ளிகளில் 12 முதல் 19 வயதுள்ள 7,560 மாணவர்கள் தாங்களே நிரப்பிக் கொடுத்த படிவங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒருமுறையாவது மது குடித்தவர்கள் 15 சதவீதம். ஐரோப்பியப் பள்ளிக் கணக்கெடுப்பில், 2019இல், இதே கேள்விக்கு 79 சதவீதம். ஆகா என்று மார்தட்டுவதற்கு முன்னால்: அவர்கள் கேட்டது அந்த ஆண்டில் 16 வயது நிறைகிறவர்களை மட்டும். நம் கூட்டத்தில் 12 வயதுக் குழந்தையும் உண்டு. 1995 முதல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் இதை நடத்துகிறார்கள். படிவத்தில் 'ரெலவின்' என்று உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளையும் எழுதி வைத்தார்கள். அதையும் சாப்பிட்டேன் என்று டிக் அடிக்கிற பையன் எத்தனை பேர் என்று பார்த்தால், சும்மா அளப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். தரகர் ரசித்துச் சிரித்தது இதற்குத்தான்.

சரி, பஞ்சாபுக்கு வருவோம். 2019 அறிக்கைப்படி, ஹெராயின், அபின், வலிமாத்திரை வகையால் பாதிக்கப்பட்டவர்கள் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் இருப்பதாகச் சொல்லப்பட்ட சில மாநிலங்களில் பஞ்சாப் உண்டு, உத்தரப் பிரதேசம் உண்டு, கேரளம் இல்லை. கேஸ் கணக்கு சொன்னதற்கு நேர் எதிர். ஆனாலும் நிம்மதிப் பெருமூச்சு விட எனக்கு மனசில்லை. அந்தக் கணக்கெடுப்பு 2018 அக்டோபரோடு முடிந்தது. கொச்சியில் இன்று வாய்க்கு வாய் எம்.டி.எம்.ஏ. பேச்சு; அன்று நாடு முழுக்க அந்த வகை ஊக்கப் போதை 0.2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

அரசு காசு ஒதுக்க நிஜமாகவே உதவும் எண்கள் அதே அறிக்கையில் வேறு பக்கத்தில் இருக்கின்றன. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். படுக்கையில் சேர்ந்து பெற்றவர் 180இல் ஒருவர். கேஸ் கணக்கை மட்டும் கையில் வைத்திருப்பவர் இன்னொரு ஜீப் வாங்குவார். இதைப் படித்தவர் படுக்கை கேட்பார்.

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக்கொடுத்த போர்த்துகீசியரின் தலைநகரம் லிஸ்பனில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் போதைப்பொருள் முகமை இருக்கிறது. சிகிச்சைக்கு வருகிறவரிடம் ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரிக் கேள்விகள்: முக்கியமான பொருள் எது, முதலில் தொட்டது எந்த வயதில், புகையா ஊசியா. கேரள எக்ஸைஸின் விமுக்தி போதை மீட்பு மையங்கள் 14 மாவட்டங்களிலும் உண்டு. அங்கே வருகிறவரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு எழுதிவைக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு படிவம் அச்சடித்தால் போதும்.