கோதுமைத் தீவின் மே தினம்

மத்தியதரைக் கடல் தீவுகளிலே பெரியது சிசிலி. பரப்பு 25,000 சதுர கிலோ மீட்டருக்கும் மேல். இத்தாலிக்கும் அதற்கும் இடையே மெசினா நீரிணை. குறுகிய இடத்தில் சுமார் 3 கிலோ மீட்டர்தான். கிழக்கே எட்னா எரிமலை. அதன் அடிவாரத்திலே எலுமிச்சையும் ஆரஞ்சும் கொழிக்கின்றன. உள்நாட்டு மேடுகளிலே கோதுமை.

அந்த விளைச்சலைக் கண்டு வந்தவர் எத்தனை பேர்! கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமர், அராபியர், நார்மானியர், ஸ்பானியர்... பட்டியல் கிடக்கட்டும். உழுதவன் யார் என்பதே நாம் கேட்பது. ரோமர் காலத்தில் உழுதவன் அடிமை. கி.மு. 135 வாக்கில் யூனுஸ் என்ற சிரிய அடிமையின் தலைமையில் கிளர்ந்தெழுந்து என்னா நகரைப் பிடித்தார்கள். அடக்குவதற்குள் வல்லரசு ரோமுக்கே ஆண்டுகள் சில ஓடின!

1860இல் கரிபால்டி ஆயிரம் வீரருடன் மார்சலாவில் இறங்கினார். நிலம் கிடைக்கும் என்று நம்பி பிரான்டே ஊர் உழவர்கள் எழுந்தனர். ஊர்ப் பெரிய மனிதர் பலரைக் கொன்றனர். அதை நாம் மறைக்கவில்லை. கரிபால்டியின் தளபதி பிக்சியோ வந்தார். அவசர விசாரணை, ஐவரைச் சுட்டுக் கொன்றார். நிலமோ வரவில்லை.

1947 ஏப்ரல் 20, சிசிலித் தேர்தலில் இடதுசாரி மக்கள் அணி முதலிடம் பெற்றது. பதினோராம் நாள் மே தினம். போர்டெல்லா டெல்லா ஜினெஸ்ட்ரா மலைவெளியில் உழவர்கள் குழந்தை குட்டிகளுடன் கொடியேந்தித் திரண்டனர். மேட்டிலிருந்து இயந்திரத் துப்பாக்கி வெடித்தது. 11 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களில் உண்டு. சுட்டது கியுலியானோ கொள்ளைக் கூட்டம். 1950இல் அவன் பிணமானான். அவன் கூட்டாளி பிஷோட்டா 1954இல் சிறைக்குள்ளேயே நஞ்சுக்குப் பலியானான். 1952இல் வித்தர்போ நீதிமன்றம் சுட்டவர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஏவியவர் யாரென்று அத்தீர்ப்பு சொல்லவில்லை.