எறும்பும் எறும்பு மருந்தும்

எறும்பு கடித்துவிட்டது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிற குடும்பங்கள் உண்டு. எறும்புக்கு வைத்ததைக் குழந்தை வாயில் போட்டுவிட்டது என்று ஓடுகிற குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டாவது ஓட்டம்தான் ஆபத்தானது. எறும்பை வீட்டுக்குள் விடாமல் இருப்பது எப்படி என்று பேசுவதற்கு முன்னால், அதற்காக நாம் வீட்டுக்குள் கொண்டுவருவது என்ன என்று பார்த்துவிடலாம்.

கோடு கிழிக்கும் சாக்பீஸ்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாயை விரித்ததும் அதைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிடுவது பலருக்குப் பழக்கம். பார்க்கப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் அது விஷம் என்ற நினைப்பே வருவதில்லை. ஆனால் அதில் சுண்ணாம்புத் தூளோடு கலந்திருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி. வயலில் தெளிக்கிற மருந்துகளின் குடும்பம்தான். எறும்பின் நரம்பைத் தாக்கி அதை இழுத்துப் போடுகிறது. பெரியவர் உடம்பு அந்தச் சிறு அளவைச் சமாளித்துவிடும். தவழும் குழந்தையோ கோட்டின் மேல் கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கிறது. நாம் யாரைக் காப்பாற்றக் கோடு போட்டோமோ, வீட்டிலேயே தரைக்கு மிக அருகில் வாழ்கிறவர் அவர்தான்.

ஒரு குழந்தை சாக்பீஸை லேசாகக் கடித்துவிட்டால் பெரும்பாலும் பெரிய கேடு நேராது. அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் கூடாது. வாயைத் துடைத்து, மிச்சத் துண்டையும் அட்டைப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

சாக்பீஸைவிட எனக்கு அதிக பயம் தருவது பொட்டலத்தில் வரும் எறும்புப் பொடி. பெயர் இருக்காது, என்ன மருந்து என்ற விவரம் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தூவிய கமாக்சின் பவுடர் பி.எச்.சி. என்ற வேதிப்பொருள். அதை இந்தியா 1997இலேயே தடை செய்துவிட்டது. அதன் உறவான லிண்டேன் 2009இல், நெடுநாள் அழியாத நச்சுப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தது. மண்ணிலும் உடம்பின் கொழுப்பிலும் நெடுநாள் தங்கிவிடுகிற சரக்கு அது. பரணில் பழைய டப்பா ஏதாவது இருந்தால் அதைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம். அரிசி மாவும் கோலமாவும் இருக்கும் அலமாரியில் எந்தப் பூச்சி மருந்துக்கும் இடம் தரக் கூடாது. பார்வை மங்கிய பாட்டி இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்லலாம்.

ஏன் வருகிறது?

முதலில் வருவது ஒன்றிரண்டு எறும்புகள்தான். திசை தெரியாமல் அலைவது போலத் தோன்றும் அவை வேவு பார்க்க வந்தவை. அவற்றில் ஒன்று மேசைக்கடியில் பிஸ்கட் தூளைக் கண்டதும் திரும்பும் வழியெல்லாம் வயிற்றை உரசி ஒரு வாசனையைப் பூசிக்கொண்டு போகிறது. அடுத்து வருகிற எறும்பு அந்த வாசனையைப் பிடித்து வந்து, தன் பங்குக்கு இன்னொரு பூச்சு பூசுகிறது. சாரை அப்படித்தான் உருவாகிறது. எனவே சாரையை விளக்குமாறால் கூட்டித் தள்ளுவதில் பயன் குறைவு. வாசனை தரையிலேயே இருக்கும். பத்து நிமிடத்தில் அடுத்த அணி வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சாரை வந்த வழி முழுவதையும், சுவர் விரிசல் வரை, அழுத்தித் துடைக்க வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரும் உதவும்.

துடைத்துவிட்டு, சாரை எந்த விரிசலில் நுழைந்தது என்று பாருங்கள். ஜன்னல் சட்டம், வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஸ்விட்ச் போர்டு ஓரம் ஆகியவைதான் வழக்கமான வாசல்கள். வெள்ளை சிமென்ட்டோ சிலிக்கான் பசையோ போதும், ஒரு மணி நேர வேலை. ஸ்விட்ச் போர்டுக்குள் மட்டும் ஸ்பிரே அடித்துவிடாதீர்கள். ஸ்பிரேயில் உள்ள வாயுவும் கரைப்பானும் தீப்பிடிக்கக்கூடியவை. எரியும் அடுப்புக்குப் பக்கத்திலும் அதேதான்.

ஒரு இடத்தை எல்லோரும் விட்டுவிடுகிறோம்: பால்கனிச் செடி. செம்பருத்தியில் வெள்ளையாக அப்பிக்கிடக்கிறதே மாவுப்பூச்சி, அது இனிப்பான ஒரு நீரைக் கழிக்கிறது. அதைக் குடிப்பதற்காக எறும்புகள் அந்தப் பூச்சியை மேய்த்துக் காவலும் காக்கின்றன. சமையலறையில் சர்க்கரை டப்பாவை எத்தனை இறுக்கி மூடினாலும், தொட்டியில் மாவுப்பூச்சி இருக்கும்வரை எறும்புக்கு உங்கள் வீட்டு விலாசம் மறக்காது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியைக் கழுவினால் பாதி சாரை தானே காணாமல் போகும்.

மழைக்காலத்தில் கதை வேறு. புற்றில் தண்ணீர் புகுந்ததும் குடும்பத்தோடு மேட்டைத் தேடி ஏறுகின்றன. வாயில் கவ்விக்கொண்டு போகும் வெள்ளை மணிகளை முட்டை என்கிறோம். பெரும்பாலும் அவை புழுக்களும் கூட்டுப்புழுக்களும். அந்த நாட்களில் அவை தேடுவது உணவை அல்ல, காய்ந்த இடத்தை. இடம் கிடைக்கவிடாமல் விரிசலை அடைப்பதே வழி.

அடித்தால் பெருகும் எறும்பு

கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் எறும்பு ஒன்று உண்டு. ஃபாரோ எறும்பு என்று பெயர். உலகெங்கும் மருத்துவமனைகளுக்குத் தலைவலி இதுதான். காயக் கட்டுக்குள் புகும், சொட்டு மருந்துக் குழாயைச் சுற்றும், கழிவிலும் நடந்து உணவிலும் நடந்து நோய்க்கிருமிகளைச் சுமக்கும் என்பது 1970களிலேயே பதிவான செய்தி. ஒரு கூட்டில் பல ராணிகள் இருப்பதால் ஸ்பிரே அடித்ததும் கூடு கலைந்து, ஒவ்வொரு ராணியும் ஒரு கும்பலைக் கூட்டிக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விடும். ஒரு கூடு இருந்த வீட்டில் நான்கு கூடாகிவிடும்.

இதற்கு மெதுவாகக் கொல்லும் இரைதான் சரி. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பஞ்சில் நனைத்து, துளையிட்ட மூடிய டப்பாவுக்குள் வைப்பார்கள். வேலைக்கார எறும்பு குடித்துவிட்டு உயிரோடு கூட்டுக்குத் திரும்பி ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்ட வேண்டும். அதற்காகத்தான் அளவு இவ்வளவு குறைவு. ‘இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சாகுமே’ என்று கூட்டினால் எறும்பு பாதி வழியிலேயே செத்து, கூடு தப்பித்துவிடும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். போரிக் ஆசிட்டும் விழுங்கினால் விஷமே. கேரம் போர்டில் தூவுகிற பவுடர் பல சமயம் இதுதான் என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

கிராம்பு, மஞ்சள்தூள், வசம்பு, பெருங்காயம் எல்லாம் கொல்லாது. கொஞ்ச நேரம் விலக்கும், பிறகு எறும்பு சுற்றிக்கொண்டு வரும். சர்க்கரை டப்பாவுக்குள் நாலு கிராம்பு போடலாம், தப்பில்லை.

தண்ணீர்க் கிண்ணம்

பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதும், அலமாரிக் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதும் நம் வீடுகளின் பழைய ஏற்பாடு. விஷமில்லாத ஏற்பாடும்கூட. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது இப்படி வீட்டுக்குள் அசையாமல் கிடக்கும் சுத்தமான தண்ணீரை ஒட்டித்தான். தாய்லாந்தில் அலமாரிக்கால் கிண்ணங்கள் ஏடிஸ் வளரும் முக்கிய இடங்களில் ஒன்று என்றே கண்டறிந்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை கொட்டி, கிண்ணத்தின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை தண்ணீரில் அல்ல, ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் எறும்பு மேலே மிதந்து கடக்கவும் முடியாது.

கழிப்பறையில் மொய்த்தால்

சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்பது ஊரறிந்த பேச்சு. அதில் உண்மை இருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 180 மி.கி.யைத் தாண்டும்போது சிறுநீரகம் முழுவதையும் திரும்ப உறிஞ்ச முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். எறும்பைப் பார்த்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எறும்பு வரவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்ப நிலையில் சிறுநீரில் ஒன்றும் தெரியாது. இன்னொன்று: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் எறும்பு வரும். சிறுநீர் வழியே குளுக்கோஸை வெளியேற்றுவதுதான் அந்த மாத்திரையின் வேலை. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவரை எறும்பு கடித்தால் அவருக்கே தெரியாது. புண் உள்ளவர், படுக்கையில் கிடப்பவர், கைக்குழந்தை, இந்த மூவர் படுக்கும் இடத்தில் மருந்துக்குப் பதில் ஈரத்துணி வேண்டும். பால் குடித்ததும் குழந்தையின் வாய், கழுத்து மடிப்பைத் துடைத்து, பால் நனைந்த துணியை உடனே மாற்றிவிட வேண்டும். தூளி கட்டும் வீட்டில் எறும்பு தரையிலிருந்து மட்டும் வருவதில்லை. விட்டத்திலிருந்து கயிறு வழியாகவும் இறங்கும்.

கடித்துவிட்டால்

செவ்வெறும்பு பல்லால் பிடித்துக்கொண்டு வால்பக்கக் கொடுக்கால் குத்தும். தட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். மறுநாள் சீழ்க்கொப்புளம் மாதிரி எழும்பினால் கிள்ள வேண்டாம். விஷத்தால் வருவது அது, கிள்ளினால்தான் உண்மையான சீழ் பிடிக்கும். குழந்தையின் தோலில் சுண்ணாம்பு தடவுவது அதைப் புண்ணாக்கும். காதுக்குள் புகுந்திருந்தால், செவிப்பறையில் ஓட்டையோ காதில் சீழோ இல்லாதவருக்கு வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் அசைவு நின்றுவிடும். குச்சியால் குடையாமல் மருத்துவரிடம் எடுக்கச் சொல்லலாம்.

கடித்த இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். நம் ஊர்க் கட்டெறும்பு வகைகளில் சில கொட்டினாலும் இப்படி ஒவ்வாமை வருவதுண்டு. வளைகுடா நாடுகளில் சம்சம் எறும்பு கொட்டி உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிறவர்களில் யாருக்காவது எறும்பு கொட்டி முகம் வீங்கியிருந்தால், அடுத்த முறை கிளம்பும் முன் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து, அட்ரினலின் ஊசியைக் கையோடு வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.